நாலாவது சேனலில் செத்தவன் முகம்

அத்தியாயம் 7

"வந்துட்டான்" என்றார் சாரங்கபாணி.

மணி சரியாக ஆறு. புள்ளிப் புள்ளியாகப் பொரிந்துகொண்டிருந்த பதினாலு இஞ்ச் கறுப்பு வெள்ளைத் திரையில் ஒரு முகம் மெல்லத் தேறி வந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும். குட்டைத் தாடி, இஸ்திரி போட்ட சட்டை, சிரிக்கத் தெரிந்த கண்கள். ஆறு வருடத்துக்கு முன் தீயில் கருகிச் செத்துப்போன முகம்.

"அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஆலங்கரை டெலிவிஷன். இன்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறாம் வருடம் அக்டோபர் நான்காம் தேதி, வியாழக்கிழமை. செய்திகள் வாசிப்பது மூஸா."

நடப்பதோ தொண்ணூற்றாறு. அன்று வெள்ளிக்கிழமை.

நாங்கள் உட்கார்ந்திருந்தது திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆலங்கரையில், சாரங்கபாணியின் மாடி ஹாலில். அரிசி மில், இறால் பண்ணை, கட்சியில் ஒரு பதவி என்று எல்லாம் உள்ள மனிதர். ஐந்து நாளில் உள்ளாட்சித் தேர்தல். ஜெயிப்பது நிச்சயம் என்று ஊரே சொன்னது. அப்படிப்பட்டவர் சோபா நுனியில் உட்கார்ந்து, வேட்டித் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். வேலைக்காரர்கள் மூன்று நாளாக வரவில்லை.

அவர் வரவழைத்த ஆள் என் முதலாளி பஞ்சநதம். துப்பறிய வருவதற்கு முன் பத்தொன்பது வருடம் சர்வேயர். கொலைகாரனைக்கூட எல்லைக்கல்லைத் தேடுவதுபோலத்தான் தேடுவார். நான் நீலாயதாட்சி, அவருடைய உதவியாளர். டைப் அடிப்பேன், போன் பேசுவேன், பயம் வந்தால் ஜோக் அடிப்பேன்.

அந்த ஹாலில் இருபத்தொன்பது இஞ்ச் கலர் டி.வி. ஒன்றும் இருந்தது. கேபிள் கனெக்‌ஷன். அதில் மூஸா வருவதில்லை. மீன்முள் ஆன்டெனா வைத்த வீடுகளில், நாலாவது சேனலில் மட்டும்தான் வருவான். அதற்காகவே பரணில் கிடந்த இந்தச் சின்னப் பெட்டியை இறக்கி, மொட்டைமாடியில் பழைய ஆன்டெனாவைக் கட்டியிருந்தோம்.

"செத்தவனுக்குக் கேபிள்காரன் கனெக்‌ஷன் குடுக்கலை போல" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

"கடைமடைக்கு முறைத் தண்ணீர் ஞாயிற்றுக்கிழமை காலை வந்து சேரும். தெற்குத் தெரு பக்கிரிசாமியின் செவலைப் பசுவை நேற்று முதல் காணவில்லை. வலது கொம்பு மடங்கியிருக்கும். கண்டவர்கள்..."

பட்டென்று கரண்ட் போயிற்று. ஃபேன் நின்றது. திரை ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. ஊரே இருண்டது.

குரல் மட்டும் நிற்கவில்லை.

"...கண்டவர்கள் அரிசி மில் மாடியில் வந்து தகவல் சொல்லலாம்" என்று இருட்டுக்குள் மூஸா வாசித்துக்கொண்டே இருந்தான்.

சாரங்கபாணியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. ஐஸ் மாதிரி இருந்தது. என் வாயில் ஜோக் ஒன்றும் வரவில்லை. 

பஞ்சநதம் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். குரல் பெரிதாகியது.

"எதிர் டீக்கடை, நீலா. லாரி பேட்டரியில டி.வி. ஓடுது."

மூச்சு வந்தது. எட்டிப் பார்த்தேன். டீக்கடை வாசலில் இருபது, முப்பது பேர்.  திரையின் வெளிச்சம் அவர்கள் முகத்தில் நீலமாக ஆடிற்று.

"டீக்கடைக்காரன் பேட்டரி வச்சிருக்கான், சரி" என்றார் பஞ்சநதம், பென்சிலைக் காதில் சொருகியபடி. "சுத்துவட்டாரம் பூரா கரண்ட் போயிருக்கு. அனுப்புறவனுக்கு மட்டும் ஏன் போகலை?"

மூஸாவின் கதையைச் சாரங்கபாணியே சொன்னார், காடா விளக்கு வெளிச்சத்தில்.

ஷார்ஜாவில் டி.வி. ரிப்பேர்க் கடையில் வேலை பார்த்தவன் மூஸா. எண்பத்தொன்பதில் ஊர் திரும்பியபோது எல்லோரும் டேப் ரெக்கார்டரும் சென்ட்டும் கொண்டுவந்தார்கள். அவன் ஒரு பெட்டி நிறைய டிரான்சிஸ்டரும் காயிலும் கொண்டுவந்தான். சாரங்கபாணியின் அரிசி மில் மாடியை வாடகைக்குப் பிடித்து, புகைபோக்கி உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, சொந்தமாக ஒரு டெலிவிஷன் நிலையமே ஆரம்பித்துவிட்டான். பத்து வாட் சக்தி. மூன்று மைல் சுற்றளவுக்குத்தான் படம் தெரியும். லைசென்ஸ் கிடையாது. யாராவது கேட்டால், "டெஸ்டிங்தான் சார்" என்பான். ஒன்றரை வருடம் டெஸ்ட் செய்தான்.

தினம் மாலை ஆறு மணிக்குச் செய்தி. டெல்லிச் செய்தி இல்லை. வாய்க்காலில் தண்ணீர் எந்த மதகுவரை வந்தது, நெல் என்ன விலை, யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சாவு, எந்தத் தெருவில் ஆடு காணோம். நாலு வீட்டில் டி.வி. இருந்த ஊரில் ஒரே வருடத்தில் நாற்பது டி.வி. ஆயிற்று.

"தொண்ணூறு அக்டோபர் அஞ்சாம் தேதி மில் மாடியில தீ. அவன் உள்ளே. ஷார்ட் சர்க்யூட்னு எழுதினாங்க" என்றார் சாரங்கபாணி. "அன்னைக்கு நான் ஊர்லயே இல்லை. தஞ்சாவூர்ல கட்சி மாநாடு. மூணாம் நாள்தான் திரும்பினேன். அதுக்குள்ள அடக்கம் பண்ணிட்டாங்க."

"பதினோரு நாளா வர்றான்" என்றார் பஞ்சநதம். "தினம் ஒரு தேதி. முதல் நாள் செப்டம்பர் இருபத்திநாலு. இன்னைக்கு அக்டோபர் நாலு. நாளைக்கு?"

பஞ்சநதம் காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"அஞ்சாம் தேதி அவன் செய்தி வாசிச்சானா சார்?"

"எப்படி வாசிப்பான்? ஆறு மணிக்கு முந்தியே தீ."

யாரும் பார்த்திராத ஒரு செய்தி. செத்த நாளின் செய்தி. அது நாளைக்கு வரப்போகிறது. 

நாங்கள் கிளம்பும்போது சாரங்கபாணி படிக்கட்டுவரை வந்தார்.

"ஏம்மா, நீ நம்புறியோ இல்லையோ. தூங்கவே முடியலை. கண்ணை மூடினா வந்து நிக்கிறான். இடது கையில கைக்குட்டையைச் சுத்தியிருக்கான், ரத்தம் ஊறிப்போய்க் கிடக்கு. 'வாசிக்க நேரமாச்சு, விடுங்க'ங்கிறான். நாளைக்கு ஆறு மணிக்குள்ள ஆளைக் கண்டுபிடிச்சுக் குடுங்க. எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

பாவமாக இருந்தது. அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை. திருத்துறைப்பூண்டி லாட்ஜில் பஞ்சநதம் தரையில் குப்புறப் படுத்து, கிராம வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

ஆன்டெனாவைத் திருப்பினால் படம் ஒரு திசையில் தெளியும், மற்ற திசையில் மங்கும். தெளிகிற திசையில்தான் டிரான்ஸ்மிட்டர். மூன்று வீடுகளில் சாக்பீஸ் கொடுத்து, படம் எந்தப் பக்கம் நன்றாகத் தெரிகிறதோ அந்தப் பக்கம் மொட்டைமாடியில் கோடு போடச் சொல்லியிருந்தோம். மூன்று கோடுகளையும் வரைபடத்தில் நீட்டினால் ஒரு இடத்தில் சந்திக்கவேண்டும். அங்கேதான் ஆவியின் வீடு.

"வியாழக்கிழமைக் கோடு மூணும் இங்க கூடுது" என்றார். "வெள்ளிக்கிழமைக் கோடு மூணும் அங்க கூடுது. நடுவுல முக்கால் மைல்."

"ஆவிக்குக் கால் கிடையாதுன்னு கேள்விப்பட்டிருக்கேன் சார். டயர் இருக்குன்னு தெரியாது."

"டயரும் இல்லை. ரெண்டு புள்ளியும் எங்க விழுந்திருக்கு பாரு."

குனிந்து பார்த்தேன். இரண்டும் நீல நிறத்தில் விழுந்திருந்தன. ஆறு கடலோடு சேருகிற கழிமுகத்தில், தண்ணீருக்கு நடுவில்.

"படகு" என்றேன்.

"படகு. கரண்ட் கம்பியே போகாத இடம். அதனாலதான் நேத்து அவனுக்குக் கரண்ட் போகலை. பேட்டரியில ஓட்டுறான். பேட்டரின்னா தினம் சார்ஜ் ஏத்தணும். கழிமுகத்துக்குப் பக்கத்துல ஒரே ஒரு மீனவக் குப்பம், கோடித்துறை. அங்க சார்ஜ் போடுற கடை எத்தனை இருக்கும்?"

ஒன்றுதான் இருந்தது. யூனுஸ் என்பவருடைய சைக்கிள் கடை. வாசலில் பேட்டரிகள் வரிசையாக இருக்க, ஆசிட் வாடை மூக்கைத் துளைத்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை.

"தினம் பேட்டரி கொண்டுவர்றவரா? உத்திராபதி அண்ணன்தான்" என்றார் யூனுஸ். "ரெண்டு லாரி பேட்டரி. காலையில போடுவாரு, நாலரைக்கு எடுத்துக்குவாரு. படகுல லைட் கட்டி மீன் பிடிக்கிறாராம்."

"மீன் நல்லா மாட்டுதா?"

யூனுஸ் தலையைச் சொறிந்தார். "அதுதாங்க தெரியலை. அஞ்சு மணிக்குப் போறாரு, ஏழு மணிக்கு வந்துடுறாரு. இருட்டினதும் திரும்பிடுற ஆளுக்கு எதுக்கு லைட்டு? வலையில ஈரமே இருக்காது. அவரு சம்சாரம் ஜெயாக்காவே கடையில மீன் வாங்கித்தான் குழம்பு வைக்குது."

பஞ்சநதம் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அவர் மேற்கொண்டு பேசிக்கொண்டிருக்க, நான் எதிரிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். சாரங்கபாணிக்குத் தினம் ஒரு தரம் நிலவரம் சொல்வது என் வேலை.

"கண்டுபிடிச்சாச்சு சார்" என்றேன் போனில். "ஆவி கீவி ஒண்ணும் இல்லை. கோடித்துறை உத்திராபதின்னு ஒரு மீனவர். படகுல வச்சு அனுப்புறார். அஞ்சு மணிக்குத் துறையில பிடிச்சுடுவோம். நீங்க நிம்மதியா இருங்க."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது.

"ரொம்ப சந்தோஷம்மா" என்றார் சாரங்கபாணி. குரலில் நேற்றைய நடுக்கம் இல்லை. அது எனக்கு ஏனோ பிடிக்கவில்லை.

துறைக்குப் போகும் வழி இறால் பண்ணைக் கரைமேல். இரண்டு பக்கமும் சதுரம் சதுரமாக உப்புத் தண்ணீர்க் குட்டைகள். பம்ப்செட் உறுமிற்று. ஒரு புல்கூட முளைக்காத வெள்ளை மண். பஞ்சநதம் திடீரென்று நின்றார்.

"இந்த இடம் எனக்குத் தெரியும் நீலா. சர்வே நம்பர் நூத்திப் பதினெட்டு. எண்பத்தேழுல நானே செயின் பிடிச்சு அளந்தேன். உபரி நிலம். இருபத்திரண்டு கூலிக் குடும்பத்துக்குப் பட்டா குடுத்தோம். கீழ்க்கரைக் குடியிருப்புன்னு பேரு. இருபத்திரண்டு குடிசை இருந்துது, நெல்லு விளைஞ்சுது." குட்டைகளைச் சுற்றிப் பார்த்தார். "அவங்கள்லாம் எங்க போனாங்க? இது யாரு பண்ணை?"

வேலியில் தொங்கிய தகரப் பலகையில் சாரங்கபாணியின் பெயர் இருந்தது.

போன் செய்ததை அவரிடம் சொல்லியிருக்கவேண்டும். வாய் திறக்கவில்லை. 

ஐந்து மணிக்குத் துறையில் உத்திராபதி வந்தார். ஐம்பது வயது, தோளில் பேட்டரி, சுமையில் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவருக்குப் பின்னால் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு அம்மாள் துணிப்பையை நெஞ்சோடு அணைத்தபடி வந்தாள்.

"மீன் பிடிக்கிற படகுல எங்களுக்கு இடம் இருக்குமா?" என்றார் பஞ்சநதம். "வலைதான் காஞ்சு கிடக்கே."

உத்திராபதி பேட்டரியை இறக்கி வைத்துவிட்டுத் துடுப்பைக் கையில் எடுத்தார். அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"வேணாம் தம்பி" என்றாள் அந்த அம்மாள். "ஏறட்டும். கரையில நின்னு பேசினா ஆள் கூடும்."

படகு அலையாத்திக் காட்டை ஒட்டி நகர்ந்தது. சுருட்டிய பாய்த்துணி என்று நான் நினைத்த மூங்கிலை உத்திராபதி நிமிர்த்தினார். உள்ளே ஆன்டெனா. தார்ப்பாயை விலக்கினார். பழைய டெக், கையகல மானிட்டர், ஷார்ஜா இன்வெர்ட்டர் ஒன்று, ஒரு தகரப் பெட்டி.

"நான் சைத்தூன் பீவி. மூஸாவோட வீட்டுக்காரி" என்றாள். "இந்தப் பெட்டி அவுக முதல்முதலா செஞ்சது, அஞ்சு வாட்டு. அதிராம்பட்டினத்துல எங்க வீட்டுக் கூடத்துல வச்சுத்தான் செஞ்சாக. அவுக சொல்லச் சொல்லப் பத்த வச்சது நான். எந்தக் கம்பி எங்க போகுதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்."

"டேப் எல்லாம் தீயில போகலையா?" என்றார் பஞ்சநதம்.

"அதிராம்பட்டினம் தூரமில்ல? அவுக படம் எங்க ஊர்வரைக்கும் வராது. நான் பார்க்கணும்னு தினம் ஒரு காப்பி எடுத்து பஸ்ல குடுத்து விடுவாக. கண்டக்டர் வந்து தருவாரு. நான் ஒருத்திதான் மறுநாள் காலையில அந்தச் செய்தியைக் கேப்பேன். எந்த ஊரு ஆடோ, எந்த ஊரு பசுவோ." லேசாகச் சிரித்தாள். "அன்னைக்குச் சாயங்கால பஸ்லயும் வந்துச்சு. அவுக மௌத்தான சேதிக்கு முந்தி டேப் வந்துருச்சு."

"ஆறு வருஷமா ஏன் வெளியே எடுக்கலை?"

"போட்டே பார்க்கலைங்க. அதுல இருக்கிறது அவுக கடைசி முகம். பார்த்துட்டா அதோட தீர்ந்துபோயிரும்னு பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். ரெண்டு மாசம் முந்தி தெருவுல சாரங்கபாணி போஸ்டர் பார்த்தேன், ஏழைப் பங்காளன்னு. கீழ்க்கரை சனம் இருபத்திரண்டு குடும்பம் எங்கெங்கயோ சிதறிக் கிடக்கு. அன்னைக்கு ராவு போட்டுப் பார்த்தேன்." குரல் இறங்கிற்று. "கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதிப் போட்டேன். அடுத்த வாரமே ரெண்டு பேர் வந்து, மனு எழுதுற கை இருக்காதுன்னாங்க. மனு யார் மேசைக்குப் போயிருக்கும்னு புரிஞ்சுச்சு. நேரா கடைசி டேப்பைப் போட்டிருந்தா பத்து பேர் பார்த்திருப்பாங்க. ஆவின்னா ஊரே பார்க்கும். அதான் பதினோரு நாள் முந்தியே ஆரம்பிச்சேன்."

டேப்பைச் சரியான இடத்துக்குக் கொண்டுவர, டெக்கைத் தட்டினாள். மானிட்டரில் மூஸா வந்தான். இஸ்திரிச் சட்டை கசங்கி, கரி பூசியிருந்தது. காகிதத்தைப் பிடித்த இடது கையில் ஒரு கைக்குட்டை சுற்றியிருந்தது. ரத்தம் ஊறிக் கறுத்திருந்தது.

பஞ்சநதத்தைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையில எப்ப அடி?" என்று கேட்டார் மெதுவாக.

"காலையில என்கிட்ட போன்ல பேசினப்ப நல்லாத்தான் இருந்தாக. பகல்ல குடிசை எரியறப்ப படம் பிடிச்சாக, கட்டையால அடிச்சிருக்காங்க. நேரா மாடிக்கு வந்து இதை எடுத்து, அவுக கூட்டாளி உத்திராபதி தம்பிகிட்ட குடுத்து பஸ்ஸுக்கு அனுப்பினாக. அதுக்கப்புறம் அவுகளை உசுரோட பார்த்தவங்க..."

"இந்த டேப்பை வேற யாரும் பார்த்ததில்லையே?"

"நானும் தம்பியும்தான்."

"சார்" என்றேன். "மூணு மணிக்கு நான் அவருக்குப் போன் பண்ணினேன். பேரு, துறை, எல்லாம் சொல்லிட்டேன்."

பஞ்சநதம் திட்டவில்லை. கரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இறால் பண்ணைக் கரைமேல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு ஜீப் வந்து நின்றது. நாலு பேர் இறங்கி, கட்டியிருந்த ஒரு படகை அவிழ்த்தார்கள். நடுவில் வெள்ளை வேட்டி.

மணி ஐந்து ஐம்பது.

"மோட்டாரைப் போட்டா கடலுக்குள்ள போயிரலாம் ராத்தா" என்றார் உத்திராபதி. கை மோட்டார்க் கயிற்றைத் தேடிற்று.

"போனா படம் எட்டாது" என்றாள் சைத்தூன் பீவி. "அஞ்சு வாட்டு தம்பி. ரெண்டு மைல் தாண்டினா வெறும் புள்ளி."

"இருந்தா நாம எட்ட மாட்டோம் ராத்தா. கொன்னுடுவாங்க."

அவள் பயமில்லாதவள் இல்லை. "எத்தனை நிமிஷம் வேணும்?" என்று பஞ்சநதம் கேட்டதும், துப்பட்டியை இறுக்கிக்கொண்டு, "அஞ்சு" என்றாள்.

"எல்லாரும் எப்ப வந்து டி.வி. முன்னால உக்கார்றாங்க?"

"இன்னைக்கு அஞ்சரைக்கே உக்காந்திருப்பாங்க. ஜெயா சொல்லுச்சு, நிக்க இடம் இல்லைன்னு."

"அப்ப ஆறு மணி எதுக்கு? இப்பவே போடுங்க. சத்தத்தைக் குறைச்சு வச்சுக்கங்க. தார்ப்பாயை மூடுங்க." சொல்லிக்கொண்டே எழுந்து படகின் முனைக்குப் போனார். "நீலா, நீ அழுவுற மாதிரி உக்காரு."

அதற்கு நடிப்பே தேவைப்படவில்லை.

எதிர்ப் படகு அருகில் வந்தது. துடுப்புப் போட்ட மூவர் மடியிலும் அரிவாள் தெரிந்தது. பஞ்சநதம் இரண்டு கையையும் தூக்கினார்.

"சார், அங்கேயே நில்லுங்க! டேப் இந்தம்மா கையில இருக்கு. இன்னும் ரெண்டு காப்பி எங்கயோ குடுத்து வச்சிருக்கு. நீங்க கிட்ட வந்தா தண்ணியில குதிச்சுடும். அப்புறம் காப்பி எங்கன்னு யாருக்கும் தெரியாது. எனக்கு அஞ்சு நிமிஷம் குடுங்க, பேசி வாங்கிடுறேன்!"

சாரங்கபாணி கையைக் காட்டினார். இருபது கை தூரத்தில் அவர் படகு நின்றது. "ஆறு மணிக்குள்ள" என்றார் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

"அதுக்குள்ளயே முடிச்சுடுறேன் சார்."

தார்ப்பாய்க்குக் கீழே மானிட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் தலையைக் குனிந்து, அழுகிற சாக்கில் பார்த்தேன். கொசு முனகுவதுபோலக் குரல் கேட்டது.

"இன்று அக்டோபர் ஐந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டரை மணிக்குக் கீழ்க்கரைக் குடியிருப்பில் இருபத்திரண்டு குடிசைகள் கொளுத்தப்பட்டன. அடுப்புத் தீ என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். நான் அங்கே இருந்தேன்."

படம் மாறிற்று. புகை. பாத்திரங்களோடு ஓடுகிற பெண்கள். வரப்பில் குடையோடு நின்று, இந்தக் கூரை, அந்தக் கூரை என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிற ஒருவர். பக்கத்தில் மண்ணெண்ணெய் டின்னோடு ஒருவன். குடைக்காரர் திரும்பினார். ஆறு வயது குறைந்த சாரங்கபாணி. நேராகக் கேமராவைப் பார்த்தார், ஏதோ கத்தினார். ஒரு கட்டை வந்தது. படம் சாய்ந்து வெறும் வானமாயிற்று.

இந்தப் பக்கம், இருபது கை தூரத்தில், அதே மனிதர் ஆறு மணிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். 

"என்னய்யா பேசுற? கிசுகிசுன்னு?" என்று கத்தினார் சாரங்கபாணி.

"ஒத்துவருது சார், ஒத்துவருது!"

மானிட்டரில் மீண்டும் மூஸா. காகிதத்தை வைத்துவிட்டான். வாசித்து முடித்தபின் எவனும் பார்க்கமாட்டான் என்கிற முகத்தோடு, கேமராவுக்குக் கிட்டே வந்தான்.

"சைத்தூன், இன்னைக்கு ஏழு மணி பஸ்ல நானே வந்துடுறேன். கை வலிக்குது. கஞ்சி வச்சிரு."

அதை அவள் வெட்டவில்லை. ஊருக்கே அனுப்பினாள். இரண்டு கையாலும் தகரப் பெட்டியைப் பிடித்தபடி கண்ணை மூடியிருந்தாள்.

கரையில் முதலில் ஒரு பெண் வந்து நின்றாள். பிறகு பத்துப் பேர். பிறகு எண்ண முடியவில்லை. குப்பத்துச் சந்துகளிலிருந்து, பண்ணைக் கரையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவரும் கத்தவில்லை. 

"எதுக்கு இவ்வளவு கூட்டம்?" என்றார் சாரங்கபாணி. "பஞ்சநதம்! இன்னும் ரெண்டு நிமிஷம்தான் இருக்கு, டேப்பை வாங்குய்யா!"

"படம் முடிஞ்சிருச்சு சார்" என்றார் பஞ்சநதம். "இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரமே போட்டுட்டாங்க."

சாரங்கபாணி கடிகாரத்தைப் பார்த்தார், கரையைப் பார்த்தார். துடுப்பு போட்டவர்களுக்கு அவருக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது. ஒருவன் அரிவாளைத் தண்ணீரில் நழுவவிட்டு, சத்தமில்லாமல் இறங்கி அலையாத்திக் காட்டுப் பக்கம் நீந்தினான். அடுத்தவனும் இறங்கினான். மூன்றாமவன் துடுப்புகளையும் அள்ளிக்கொண்டு குதித்தான்.

தனியாக, துடுப்பில்லாத படகில், வெள்ளை வேட்டியோடு அவர் உட்கார்ந்திருந்தார். படகு மெல்லச் சுழன்றது. கரைக்கும் போகமுடியாது, கடலுக்கும் போகமுடியாது.

"பஞ்சநதம் சார்" என்றார். குரல் உடைந்திருந்தது. "நான்தானே உங்களைக் கூப்பிட்டேன். என்னைக் கரைக்குக் கூட்டிட்டுப் போங்க. தனியா போனா பிச்சுருவாங்க."

"கூட்டிட்டுப் போறேன். போலீஸ் வந்து நிக்கட்டும், அவங்க கையிலயே ஒப்படைக்கிறேன். ஒரு ரோமம் கலையாது." பஞ்சநதம் படகு விளிம்பில் உட்கார்ந்தார். "அதுவரைக்கும் ஒரு சந்தேகம் சார். மூஸா கையில கைக்குட்டை கட்டினது குடிசை எரிஞ்சதுக்கு அப்புறம். இந்த டேப்பை நீங்க பார்த்ததில்லை. செத்த உடம்பையும் பார்த்ததில்லை. தஞ்சாவூர்ல இருந்தீங்க. உங்க கனவுக்கு அந்தக் கைக்குட்டை எப்படித் தெரிஞ்சுது?"

சாரங்கபாணி முழங்காலைக் கட்டிக்கொண்டு தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

சைத்தூன் பீவி எழுந்து நின்றாள். மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, கரையைப் பார்த்து வாயில் கை குவித்தாள்.

"ஜெயா! படம் தெரிஞ்சுதா?"

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்ற ஒருத்தி பதில் கொடுத்தாள்.

"நல்லா தெரிஞ்சுது ராத்தா! எல்லாரும் பார்த்தோம்! எலெக்‌ஷன் பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரங்களும் நம்ம குப்பத்து டீக்கடையில நின்னு பார்த்தாங்க!"

அதைக் கேட்ட பிறகுதான் அவள் குனிந்து, பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.